முள் ஆடினால் முதலில் அளந்து பாருங்கள்

பழைய ஜீப்பிலோ அம்பாசடரிலோ ஆயில் பிரஷர் மீட்டரின் முள் நிலையில்லாமல் ஆடத் தொடங்கினால், வண்டி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறார்கள். “மீட்டர் போயிருக்கும்” என்று அப்படியே ஓட்டுகிறார்கள். அல்லது “பேரிங் தேய்ஞ்சிருச்சு, இன்ஜினை இறக்கணும்” என்ற பேச்சை நம்பிப் பெரும் செலவுக்குத் தலையாட்டுகிறார்கள். பார்த்தால் எதிரெதிரான முடிவுகள். ஆனால் உண்மையான பிரஷர் எவ்வளவு என்று அளக்காமலேயே இரண்டும் எடுக்கப்படுகின்றன. சந்தேகத்துக்கு உள்ளான மீட்டரைப் பற்றி அதே மீட்டரை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. தனியாக ஒரு அளவுமானியை இன்ஜினில் நேரடியாகப் பொருத்திப் பார்க்கும் வரை அந்த வண்டி ஓடவும் கூடாது, அந்த இன்ஜின் மேல் ஸ்பேனர் விழவும் கூடாது. இது ஒர்க்ஷாப்களில் எழுதப்படாத சட்டமாகவே ஆக வேண்டும்.

முள் எதைக் காட்டுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இது ஏன் என்று விளங்கும். ஆயில் பம்ப் ஆயிலைத் தள்ளுகிறதே தவிர, பிரஷரை அது உண்டாக்குவதில்லை. கிராங்க் பேரிங்குகளின் குறுகலான இடைவெளிகளில் ஆயில் நுழைந்து வெளியேறும்போது ஏற்படும் தடைதான் பிரஷர்; தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் உண்டாகும் அதே அழுத்தம். அளவு மீறினால் ரிலீஃப் வால்வு திறந்து மிச்சத்தைச் சம்ப்புக்கே திருப்பிவிடும். அதனால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் கெட்டியாக இருக்கும் நேரத்தில் முள் மேலே நிற்பதும், சூடேறிய பின் ஐட்லிங்கில் இறங்குவதும், ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஏறுவதும் நோய் அல்ல. அம்பாசடரின் 1489 சிசி இன்ஜின் பிரிட்டனின் பி.எம்.சி. பி-வரிசையைச் சேர்ந்தது. அதே வரிசை இன்ஜினோடு வந்த எம்.ஜி.பி. காரின் கையேடு, சூடான இன்ஜின் ஓட்டத்தில் 50 முதல் 80 பி.எஸ்.ஐ. வரையும், ஐட்லிங்கில் 10 முதல் 25 வரையும் இருக்கலாம் என்கிறது. ஆரோக்கியமான இன்ஜினே இத்தனை அகலமான எல்லைக்குள் ஏறி இறங்கும் என்றால், முள் இறங்கியதைப் பார்த்த மாத்திரத்தில் பேரிங்கைக் குற்றம் சொல்வது எப்படிச் சரியாகும்?

இன்ஜினிலிருந்து முள் வரை உள்ள பாதையும் நம்பத்தக்கதல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்து வில்லிஸ் ஜீப்பில் ஒரு மெல்லிய குழாய் வழியாக ஆயிலின் அழுத்தமே டேஷ்போர்டு வரை வரும். மீட்டருக்குள் வளைந்திருக்கும் உலோகக் குழல் அழுத்தத்தில் நிமிரப் பார்க்கும். அந்த அசைவு முள்ளை நகர்த்தும். பிரான்சின் யூஜின் பூர்டோன் 1849-ல் காப்புரிமை பெற்ற எளிய அமைப்பு அது, அதில் பொய் சொல்ல இடம் குறைவு. பின்னாளில் வந்த எலெக்ட்ரிக் மீட்டரில் இன்ஜின் பிளாக்கில் பிரஷரை மீட்டருக்குச் சொல்லும் ஒரு சென்டர் (sender) திருகப்பட்டிருக்கும். அதற்குள் ஒரு சவ்வு, மின்தடைக் கம்பிச் சுருள், அந்தச் சுருளை உரசியபடி நகரும் ஒரு சிறு கை. வண்டி வருடக்கணக்கில் ஒரே வேகத்தில் ஓடியிருந்தால் அந்தக் கை சுருளின் ஒரே இடத்தில் உரசி உரசித் தேய்த்திருக்கும். பிரஷர் அந்த அளவுக்கு வரும்போதெல்லாம் முள் துள்ளும். ஒற்றை வயர் சென்டர் தன் எர்த்தை மரைகள் வழியாகத்தான் எடுக்கிறது. கசிவை நிறுத்தக் கனமாகச் சுற்றிய டெஃப்லான் டேப்பே அந்த எர்த்தைக் கெடுத்துவிடலாம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை ஒட்டிப் போகும் வயரின் உறை உருகி, வண்டி குலுங்கும்போது மட்டும் உலோகத்தைத் தொடலாம். சில வண்டிகளில் பெட்ரோல், டெம்பரேச்சர், ஆயில் மூன்று மீட்டர்களுக்கும் ஒரே வோல்டேஜ் ஸ்டெபிலைசர் இருக்கும். அது கெட்டால் மூன்று முள்ளும் சேர்ந்தே தடுமாறும். இவை எதிலும் பேரிங்குக்குப் பங்கே இல்லை.

அதே நேரத்தில் முள்ளின் ஆட்டம் உண்மையாகவும் இருக்கலாம். திருப்பத்திலும் பிரேக் பிடிக்கும்போதும் மட்டும் முள் விழுந்தால், சம்ப்பில் ஆயில் குறைந்து பம்ப் காற்றை உறிஞ்சுகிறது என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். அதற்கு டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் போதும். ரிலீஃப் வால்வில் கசடு சிக்கித் திறந்தபடியே நின்றிருக்கலாம். ஆயிலில் பெட்ரோல் கலந்து நீர்த்திருக்கலாம். இண்டிகேட்டரோ ஹெட்லைட்டோ போட்டதும் முள் அசைந்தால் மட்டும் கோளாறு எர்த்தில் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். மற்ற அறிகுறிகள் அவ்வளவு தெளிவாகப் பேசுவதில்லை. ஷெவர்லே பிக்அப்களில் வந்த 5.3 லிட்டர் வி8 இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பிரஷர் சென்சாருக்கு அடியில் உள்ள சின்னச் சல்லடை அடைத்துக்கொண்டு, நல்ல பிரஷரையும் குறைவாகக் காட்டும். அதே இன்ஜினில் பம்ப்புக்கு ஆயில் உறிஞ்சும் குழாயின் ரப்பர் வளையம் இறுகிப்போனால் பிரஷர் நிஜமாகவே குறையும். டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். முதலாவது சில நிமிட வேலை. இரண்டாவதைக் கவனிக்காமல் ஓட்டினால் கிராங்க்கே போய்விடும்.

ஆகவே அளப்பதைத் தவிர வேறு வழி கிடையாது; அந்த வேலை கடினமானதும் அல்ல. டிப்ஸ்டிக்கில் ஆயில் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு சென்டரைக் கழற்ற வேண்டும். துளையிலிருந்து கொஞ்சம் ஆயில் வடியும். அதே துளையில், அதே மரை அளவுள்ள டெஸ்ட் கேஜின் ஹோஸைத் திருக வேண்டும். இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஐட்லிங்கில் ஒரு அளவும் 2000 ஆர்.பி.எம்.மில் ஒரு அளவும் குறித்துக்கொள்ள வேண்டும். 1000 ஆர்.பி.எம்.முக்கு 10 பி.எஸ்.ஐ. என்று மெக்கானிக்குகள் சொல்லும் கணக்கு ஒரு தோராயம்தான். அந்தந்த வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணே இறுதியானது. டெஸ்ட் கேஜ் சரியாகக் காட்டினால் இன்ஜினைத் தொட வேண்டியதில்லை, சென்டரையும் வயரையும் பார்த்தால் போதும். சென்டரின் வயரைப் பிடுங்கி ஒரு கணம் எர்த்தில் தொட்டால் முள் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓட வேண்டும். எந்தக் கோடி என்பது வண்டிக்கு வண்டி மாறும்: ஜீப் செரோக்கியில் வயர் அறுந்தால் முள் உச்சிக்கு ஏறும், வேறு பல மீட்டர்களில் பூஜ்யத்துக்கு விழும். இது தெரியாமல் “முள் உச்சியில நிக்குது, பிரஷர் அருமை” என்று நிம்மதியடைவதும் ஆபத்துதான்.

அனுபவமுள்ள மெக்கானிக்குக்குக் காதே போதும் என்பார்கள். அந்தக் காதை நான் மதிக்கிறேன். டேப்பட் சத்தத்தையும் கனெக்டிங் ராட் தட்டும் சத்தத்தையும் பிரித்தறிவது பெரிய திறமை. ஆனால் ராட் தட்டும் சத்தம் கேட்கும்போது பேரிங் ஏற்கெனவே பழுதாகியிருக்கும். காது சேதத்தைக் கண்டுபிடிக்கிறது; கேஜ் சேதத்துக்கு முன்பே சொல்கிறது. செலவு என்ற ஆட்சேபமும் நிற்காது. இன்ஜினை இறக்கி ஏற்றும் கூலியோடு ஒப்பிட்டால் டெஸ்ட் கேஜின் விலை மிகச் சிறியது. சிலர் இன்னும் குறுக்கு வழியாக, ஆயிலைக் கெட்டியாக மாற்றி முள்ளை மேலே ஏற்றிவிடுகிறார்கள். கெட்டி ஆயில் தடையைக் கூட்டும், அதனால் எண்ணும் கூடும். காலையில் குளிர்ந்த இன்ஜினில் பேரிங்குகளுக்குப் போய்ச் சேரும் ஆயிலோ குறையும். முள்ளைக் குணப்படுத்தி இன்ஜினைப் பட்டினி போடுகிற இந்த வைத்தியத்தை, வண்டியை விற்பதற்கு முன்பு செய்தால் அது மோசடி என்றே சொல்வேன்.

“மீட்டர் தவறாக இருக்கலாம் என்று எழுதினால் ஜனங்கள் ஓட்டிக்கொண்டே போவார்களே” என்பதுதான் என்னை யோசிக்க வைக்கும் ஆட்சேபம். அது நியாயமான பயம். முள் பூஜ்யத்துக்கு விழுந்தால், சத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைக்க வேண்டும். அளந்து முடியும் வரை வண்டியைக் கட்டி இழுத்துத்தான் போக வேண்டும். அளப்பது என்பதே நிறுத்திய பிறகு செய்யும் வேலை. சிவப்பு விளக்கு இருக்கும்போது மீட்டர் எதற்கு என்றும் கேட்கிறார்கள். பல வண்டிகளில் அந்த விளக்கு 5, 7 பி.எஸ்.ஐ. அளவுக்குப் பிரஷர் இறங்கிய பிறகுதான் எரியும். ஓடும் வண்டிக்கு அது காலம் கடந்த செய்தி. முள் அலைவதைப் பார்த்து வாடிக்கையாளர்கள் பயப்படாமல் இருக்க, சில நிறுவனங்கள் மீட்டரையே பொம்மையாக்கின. மாஸ்டா எம்.எக்ஸ்-5 காரில் 1990 முதல் 1994 வரை உண்மையான மீட்டர் இருந்தது. 1995 முதல் ஒரு சுவிட்ச் மட்டும்; பிரஷர் ஓரளவு இருந்தாலே முள் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஃபோர்டும் தன் பல வண்டிகளில் இதையே செய்தது. ஆடுகிற முள்ளை இப்படி அடக்கிவைப்பதை விட, அது ஏன் ஆடுகிறது என்று ஓட்டுபவருக்குக் கற்றுக்கொடுப்பதே நேர்மை.

இன்ஜின் வேலைக்கு வண்டியை விடும்போது ஜாப் கார்டில் இரண்டு எண்களை எழுதச் சொல்லிக் கேளுங்கள்: இன்ஜின் சூடாக இருக்கும்போது ஐட்லிங்கில் எவ்வளவு, 2000 ஆர்.பி.எம்.மில் எவ்வளவு. வேலை முடிந்து எடுக்கும்போது அதே இரண்டு எண்கள் மறுபடி. பழைய வண்டி வாங்குபவர்களும் விலை பேசுவதற்கு முன் இதைக் கேட்கலாம். ஐ.டி.ஐ.களில் மோட்டார் வாகன மெக்கானிக் பயிற்சி பெறும் மாணவர்கள் ஒவ்வொருவரும் சென்டரைக் கழற்றி கேஜை மாட்டி, தாங்களே அந்த எண்ணைப் படித்துவிட்டு வெளியே வர வேண்டும். எண் எழுதித் தர மறுக்கும் ஒர்க்ஷாப்பில் இன்ஜினைப் பிரிக்க ஒப்புதல் கையெழுத்துப் போடாதீர்கள்.