மலை ஏறக் காசு வேண்டாம்... மலை மிஞ்ச வேண்டுமே!

சென்னையில் ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும். "எங்கேயாவது கூட்டிக்கிட்டுப் போப்பா" என்று பிள்ளைகள் நச்சரிக்கத் தொடங்கி விடுகிறார்கள். குடும்பத் தலைவர் சட்டைப் பையைத் தடவிப் பார்க்கிறார்.

மெரினாவுக்குப் போகலாம். காற்று இலவசம்தான். சுண்டல், பஜ்ஜி, பலூன், ராட்டினம் என்று கணக்குப் போட்டால் காற்றுக்கும் விலை வந்து விடுகிறது!

பூங்காவுக்குப் போகலாம் என்றால், 2024 அக்டோபரில் கதீட்ரல் சாலையில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறக்கப்பட்டபோதே நுழைவுக் கட்டணம் பெரியவருக்கு 100 ரூபாய், சிறுவருக்கு 50 ரூபாய். புருஷன், பெண்டாட்டி, 2 பிள்ளைகள் போனால் வாசலிலேயே 300 ரூபாய் காலி. உள்ளே விளையாட்டுகளுக்குத் தனி.

காசில்லாமல் காலார நடந்து காற்று வாங்க ஒரு வழி இருக்கிறது. மலை! சென்னையில் ஏது மலை என்று சிரிக்க வேண்டாம்.

5 ரூபாய் டிக்கெட்

சாதாரண மின்சார ரெயிலில் கட்டணம் 5 ரூபாயில் தொடங்குகிறது. பரங்கிமலை ஸ்டேஷனில் இறங்கினால் மலை நடக்கும் தூரம்தான். உயரம் சுமார் 300 அடி. படிகள் உண்டு. முடியாதவர்கள் ரோடு வழியாகவும் ஏறலாம். நடுத்தர வயதுக்காரர் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்தால் உச்சிக்குப் போய் விடுவார்.

உச்சியில் போர்ச்சுகீசியர் 1523-ல் கட்டிய மாதா கோவில். கீழே மீனம்பாக்கத்தில் விமானம் இறங்குவதும் ஏறுவதும் அப்படியே தெரியும். பிள்ளைகளுக்கு அது ஒன்றே போதும்; ராட்டினம் கேட்க மாட்டார்கள்.

இன்னொரு பெருமையும் உண்டு. இமயமலை வரை போய் எவரெஸ்ட் உயரத்தைக் கணக்கிட்ட இந்திய நில அளவைக்கு, 1802-ல் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி இந்த மலைக்குப் பக்கத்துச் சமவெளியில்தான் முதல் கோடு அளந்தார்.

கரைந்து போன மலை

இதே ரெயிலில் கொஞ்சம் தள்ளிப் போனால் திரிசூலம், பல்லாவரம். இங்கேதான் வயிறு எரிகிறது.

பல்லாவரத்தில் 1863-ம் ஆண்டு மே 30-ந் தேதி ராபர்ட் புரூஸ் பூட் என்பவர் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் ஆதி மனிதன் வாழ்ந்ததற்கு அதுவே முதல் சாட்சியாக நின்றது. இந்த மலைக் கல்லுக்கு உலகப் பெயரும் உண்டு. கல்கத்தாவில் ஜாப் சார்னக் என்ற வெள்ளைக்காரர் கல்லறையில் வைத்தது இந்த ஊர்க் கல். அதனால் 'சார்னக்கைட்' என்று பெயர் சூட்டி விட்டார்கள். புவியியல் துறை இதைத் தேசியச் சின்னமாகவும் அறிவித்திருக்கிறது.

சின்னம் ஒரு பக்கம் இருக்க, சுற்றிலும் இருந்த மலைகளை வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஜல்லியாகவும் சக்கையாகவும் லாரி ஏறிப் போயின. நகரத்தில் எத்தனை மாடி வீடுகளுக்குள் அந்த மலை இருக்கிறதோ!

மிச்சம் கல்குட்டைகள். தண்ணீர் பச்சையாக, அழகாகத்தான் தெரியும். ஆழம் தெரியாது, கரை செங்குத்து. லீவு நாளில் குளிக்கப் போன பையன்கள் பிணமாக வந்த செய்தி இந்த நகரத்துக்குப் புதிதல்ல. ஏறி விளையாட வேண்டிய மலை, ஆளை விழுங்கும் பள்ளமாகி விட்டது. கைப்பிடிச் சுவர் எழுப்பி, ஓரமாக நடைபாதை போட்டால் புறநகர்க்காரர்களுக்கு மாலை நேரப் போக்கிடம் ஆகும்.

கழுகு வராத குன்றம்

ஒரு நாள் முழுக்க ஒதுக்க முடிந்தவர்கள் செங்கல்பட்டு வரை ரெயில், அங்கிருந்து பஸ் பிடித்துத் திருக்கழுக்குன்றம் போகலாம். 500-க்கு மேல் படிகள். கட்டுச்சோறு அவசியம். உச்சி வேளையில் இரண்டு கழுகுகள் வந்து அர்ச்சகர் கையால் சோறு தின்ற காட்சி மட்டும் இப்போது இல்லை. 1990-களோடு நின்று போனது.

குகைக்குக் கட்டணம்

திருவள்ளூர் பக்கம் பூண்டியைத் தாண்டி, கூடியம் குகை. கற்கால மனிதன் புழங்கிய இடம். பெரிய ஏற்றம் கிடையாது, காட்டு வழியில் நடைதான். 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் 14 மாவட்டங்களைச் சேர்ந்த 40 பாதைகளில் இதுவும் ஒன்று. ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும், வழிகாட்டி கூட வருவார், கட்டணம் உண்டு. கட்டணம் அதிகம் என்று முணுமுணுப்பு கிளம்பிய பிறகு 25 சதவீதச் சலுகை அறிவித்தார்கள்.

கட்டுப்பாடே கூடாது என்று சொல்வதற்கில்லை. 2018 மார்ச் 11-ந் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் கருகியதை மறக்க முடியுமா? மலைப் பாதைகளில் வழி காட்டும் உள்ளூர் இளைஞர்களுக்குப் பிழைப்பும் கிடைக்கிறது. அதுவும் நியாயமே.

ஆனால் கொழுக்குமலைக்குப் போகிறவரும் கூடியத்துக்குப் போகிறவரும் ஒன்றா? முன்னவர் ஓட்டலில் ரூம் போடுகிறவர். பின்னவர் டிபன் பாக்சில் புளிசாதம் கட்டிக்கொண்டு சென்ட்ரலில் லோக்கல் ரெயில் ஏறுகிறவர். தலைக்கு இவ்வளவு என்று நாலு தலைக்குக் கட்டினால் அவர் வீட்டில் அந்த வாரக் காய்கறிச் செலவு இடிக்கும்.

மாதத்தில் ஒரு ஞாயிறு, கூடியத்துக்கு மட்டும், டவுன் பஸ் டிக்கெட் அளவில் ஒரு சீட்டுப் போடலாம். செல்போனில் பதிவு செய்யத் தெரியாதவர்களுக்குப் பூண்டியிலேயே நேரில் கொடுக்கலாம். வழிகாட்டியின் அன்றையக் கூலியை அரசு ஏற்றுக்கொண்டால் வேலை முடிந்தது.