பாறையோவியத்தின் பொருள் கூறற்குரியார் யாவர்?

பழம்பொருளொன்றைக் காணுமிடத்து அதன் வயது யாதெனக் கேட்டல் கற்றோர் வழக்கம். அஃது எவர்க்குரியது, அவர்க்கு என்ன பொருள் தருவது என்னும் வினாக்களோ பெரும்பாலும் எழுவதில்லை. ஆஸ்திரேலிய ஆதிக்குடிகளின் பாறையோவியங்கள் இதற்குத் தக்க சான்றாம்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லிப் பிரதேசத்துக் குகைகளிலே வாஞ்சினா எனப்படும் உருவங்கள் உள. வெண்மையான முகமும், அகன்ற விழிகளும், தலையைச் சூழ்ந்த வட்டமும் உடைய அவற்றிற்கு வாய் இல்லை. 1838-ம் ஆண்டில் இவற்றைக் கண்ட ஜார்ஜ் கிரே என்னும் ஆங்கிலேயர், அந்நாட்டு மக்கள் இவற்றைத் தீட்டியிருத்தல் கூடுமோ என ஐயுற்றார். பிற்காலத்தில் குன்முன்யா மிஷனில் ஊழியஞ் செய்த லவ் என்னும் போதகரோ, வொரோரா மொழியைக் கற்று, அம்மக்கள் கூறிய பொருளையே 1930-ம் ஆண்டில் எழுதி வெளியிட்டார்.

அப்பொருள் யாது? நிலத்தையும் நெறியையும் வகுத்த வாஞ்சினாக்கள், தம் தொழில் முடிந்தபின் பாறையினுட் புகுந்து தம் சாயலை அங்கே விட்டுச் சென்றனர் என்பதே. ஆதலின் வொரோரா, ஙாரின்யின், வுனம்பல் மக்களுக்கு இவை இன்றும் வெறுஞ் சித்திரங்களல்ல. மழையைத் தரும் முன்னோரே. மங்கிய நிறத்தைப் புதுக்குதல் வழித்தோன்றல்களின் கடமையாம்.

1987-ம் ஆண்டில் இளைஞர் சிலர் அரசாங்கப் பொருளுதவி பெற்று இவ்வுருவங்களைப் புதுக்கியபோது, தொன்மைச் சான்று அழிகின்றதெனக் கண்டனம் எழுந்தது. அவ்வச்சம் முற்றும் பொருளற்றதன்று. மறைந்த பூச்சு மீளாது. ஆயினும் ஙாரின்யின் முதியவராகிய டேவிட் மொவல்ஜார்லாய், புதுக்குதலே மரபைக் காத்தல் என்று வாதித்து, அடுத்த ஆண்டில் 'ஆன்டிக்குவிட்டி' என்னும் பத்திரிகையிற் பிறருடன் சேர்ந்து கட்டுரை வரைந்தார்.

எமது துணிபும் அதுவே. விஞ்ஞானத்தின் பயனை யாம் மறுக்கவில்லை. அதே கிம்பர்லியிலுள்ள கங்காரு ஓவியமொன்று ஏறக்குறைய 17,300 ஆண்டுப் பழமையுடையதென, குளவிக்கூட்டு மண்ணைக்கொண்டு 2021-ல் அறிஞர் கணித்தனர்; இது போற்றற்குரியது. ஆனால் ஓலையின் வயதைக் கணித்தவன் அதன் எழுத்தைப் படித்தவனாகான். எவ்வுருவம், எப்பொழுது, எவராற் புதுக்கப்படல் வேண்டும் என்னுந் தீர்ப்பு அம்மரபிற் பயின்ற முதியோர்க்கே உரியது. ஆராய்வோர் முன்னரே புகைப்படம் எடுத்து வைக்கலாம், தடுத்தல் தகாது.

அம்முதியோர் கைவிட்ட உருவம் பாறையில் நிலைத்திருப்பினும், அதன் பொருள் எவர் நெஞ்சிலும் நிலைத்திராது. இன்று மொவான்ஜம் ஊரார் அவ்வுருவங்களைத் துணியிலுந் தீட்டித் தம் சிறார்க்குக் கற்பிக்கின்றனர். பிறர் மரபை ஆராயப் புகும் மாணாக்கர் முதற்கண் அம்மரபினரை வினவி, அவர் சொல்லைச் செவிமடுப்பாராக.