தலையை எண்ணி அடுப்பைப் பற்றவையுங்கள்

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி விருந்து என்றால், திங்கட்கிழமை காலையில் என் டிஸ்பென்சரி வாசலில் கூட்டம். இருபது வருஷ வேலையில் நான் கண்ட கணக்கு இது. இந்த மாதம் அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் தோட்டத்துக் குடும்பம் ஒன்று, பால்மரங்களை வெட்டிச் செம்பனை போட்ட பிறகு ஈப்போ பக்கம் தாமானுக்குக் குடிபோனது. பிள்ளையின் பிறந்த நாளுக்குக் கோழி சுட்டார்கள். இப்போது அதற்குப் பார்பிக்யூ என்று பெயர். அழைத்தது நாற்பது பேரை. வாங்கிய கோழி இருபது கிலோ! அதோடு மீகூன், சோறு, சாசேஜ். அன்றைக்குப் பார்த்து மழை. வந்தவர்கள் பாதிக்குக் கொஞ்சம் மேல். மிஞ்சியதைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஆளுக்கொன்றாகக் கொடுத்தனுப்பினார்கள்.

அதில் ஒரு பை எங்கள் லயத்துக்கு வந்தது. மறுநாள் மத்தியானம் வரை மேசை மேலேயே இருந்திருக்கிறது. அதைத் தின்ற நாலு வயதுப் பிள்ளையைக் கண் குழிந்து, நாக்கு வறண்டு, என்னிடம் தூக்கி வந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, டிரிப் ஏற்றிப் பிழைத்தது.

"கொட்ட மனசு வரலீங்க டிரெஸ்ஸர்" என்றார் தாய். அந்த அம்மாவை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அரைவயிற்றுக் கஞ்சி குடித்து வளர்ந்த பரம்பரை நாம். நமக்குச் சோற்றைக் கொட்ட மனசு எப்படி வரும்? தப்பு கொட்டாமல் விட்டதில் இல்லை, வாங்கியதில் இருக்கிறது.

"பத்தாமல் போனால் நாலு பேர் என்ன பேசுவார்கள்?" இந்தப் பயம்தான் கிலோ கிலோவாக வாங்க வைக்கிறது. விருந்துக்கு வருகிறவர்களை எண்ணிப் பார்ப்பது அற்பத்தனம் என்று என் சொந்த அண்ணனே என்னிடம் சண்டைக்கு வருகிறார். ஆனால் அந்தக் காலத்துத் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் பெரியவர்கள் முதலில் கேட்டது என்ன? "தலைக்கட்டு எத்தனை?" அதை வைத்துத்தான் அரிசி அளந்தார்கள். பந்தி பந்தியாகச் சுடச்சுடச் சாப்பிட்டு, அன்றைக்கே அண்டாவைக் கழுவிக் கவிழ்த்தார்கள். அவர்களெல்லாம் அற்பர்களா?

நாமும் கணக்குப் போடுவோம். எலும்போடு பச்சைக் கோழி பெரியவர்களுக்கு ஆளுக்குக் கால் கிலோ, பிள்ளைகளுக்கு அதில் பாதி. அந்த வீட்டு நாற்பது பேரில் 28 பெரியவர்கள், 12 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு கிலோவும் ஒன்றரை கிலோவும், எட்டரை. சொல்லாமல் வருகிற மாமன் மச்சானுக்கு இன்னும் ஒரு கிலோ. ஒன்பதரையில் முடிந்தது. சாசேஜ், மீன் எல்லாம் இருந்தால் இன்னும் குறைக்கலாம். சோறு போட்டால் பத்துப் பேருக்கு ஒரு கிலோ அரிசி தாராளம்.

கிலோ பத்து வெள்ளி என்றே வையுங்கள், கூடுதலாக வாங்கிய பத்தரை கிலோவுக்கு 105 வெள்ளி. 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 26 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளிச் சொச்சம். ஒன்றரை நாள் உழைப்புக்கு மேல் நெருப்பில் போட்டிருக்கிறார்கள்.

பிரியாணி என்றால் அண்டாவை ஒரே தடவையில் இறக்கியாக வேண்டும். கோழி சுடுவதில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆள் வர வரச் சுடலாம். மசாலா தடவிய கோழியை ஐஸ் போட்ட பெட்டியில் மூடி வைத்து, ஒவ்வொரு தட்டாக எடுங்கள். ஆள் வராவிட்டால் மிச்சம் பச்சையாகவே ஐஸ் பெட்டிக்குள் போகட்டும். நாளைக்குக் குழம்பு வைக்கலாம். பச்சைக் கோழி இருந்த தட்டில் சுட்ட கோழியை வைக்காதீர்கள். வெளியே கருகி உள்ளே சிவப்பாக இருந்தால், திரும்ப அடுப்பில் போடுங்கள்.

சமைத்த உணவை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நம் ஊர் வெக்கையில் கேட்கவே வேண்டாம். "மறுபடி சூடு பண்ணிட்டோமே" என்பார்கள். சோற்றில் ஒரு கிருமி உண்டு. அதன் வித்து கொதியிலும் சாகாது. ஆறின சோற்றில் பெருகி விஷம் கக்கும். அந்த விஷம் சூட்டுக்கும் அசையாது. கோழியில் இருப்பது சால்மொனெல்லா. 2013-இல் கெடாவில் கல்யாண விருந்தில் ஆயாம் மாசாக் மேரா சாப்பிட்டவர்களில் நான்கு பேர் இறந்தார்கள். அங்கே கண்ட கிருமி இதுதான். வாழ்த்தப் போன இடத்தில் வந்த சாவு அது.

யாருக்காவது கட்டிக் கொடுத்தே ஆகவேண்டுமென்றால், விருந்து முடியும் வரை காத்திருக்காமல் சூடாக இருக்கும்போதே கொடுத்து, "இன்னைக்கு ராத்திரியே சாப்பிட்டுடுங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்துவிட்டால், கொதித்து ஆறின ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கண் குழிந்தாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். நடு ராத்திரியானாலும் என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.