வளர்கிற பிள்ளைக்கு எத்தனை ஜி.பி.?

நம் விடுதியிலே புதியதொரு வகுப்புப் பிரிவினை தோன்றியிருக்கிறது. 64, 128, 256 என்பன அவ்வகுப்புகளின் பெயர்கள். புதிதாக டேப்லெட் வாங்கி வந்தவனைக் கண்டால், ஊரைக் கேட்பதில்லை, பாடத்தைக் கேட்பதில்லை; "எத்தனை ஜி.பி.?" என்பதே முதற்கேள்வி. 256 என்றால் புருவங்கள் உயர்கின்றன. 64 என்றாலோ, "அடடா, இன்னும் கொஞ்சம் போட்டு வாங்கியிருக்கலாமே!" என்று இரங்கற்பா பாடுகிறார்கள். (பலகைக் கணினி என்று எழுதினால் நன்றாயிருக்கும் என்றார் நம் இதழாசிரியர். எழுதலாம்தான். ஆனால் நேரு பிளேஸ் கடைகளில் பலகைக் கணினி கேட்டு நிற்பவனைக் கடைக்காரர் என்னவென்று நினைப்பார்? டேப்லெட் என்றே எழுதுகிறேன், பொறுத்தருள்க.)

இவ்வாண்டு புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கையர் பலர் டேப்லெட் வாங்க இருக்கிறார்கள். அவர்கள் காதில் ஓதப்படும் அறிவுரைகள் இரண்டே. "இருப்பதிலேயே சிறியதை வாங்கு, மற்றதெல்லாம் கிளவுடில் போட்டு வை" என்பது ஒன்று. "கடன்பட்டேனும் பெரியதை வாங்கு, பின்னால் வருந்தாதே" என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் நான் ஒப்பவில்லை. முதலாவதைக் கேட்டு நடந்து கெட்டவன் நான். இரண்டாவதைக் கேட்டுக் கெட இருந்த நேரத்தில் என் தந்தையார் ஒரு கேள்வி கேட்டார், தப்பினேன்.

கெட்ட கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இளங்கலை மாணவனாக இந்நகருக்கு வந்த புதிதில், கையிலிருந்த பணத்துக்கு 64 ஜி.பி. டேப்லெட் ஒன்று வாங்கினேன். 64 என்பது பெட்டியின் மேல் எழுதிய கணக்கு. ஆயிரம் ஆயிரமாக எண்ணினால் 64; கணினிக்கு உகந்த 1024 கணக்கில் எண்ணினால் 59.6 தான். அதிலும் இயங்குதளமும், கேளாமலே உள்ளே குடியேறியிருந்த செயலிகளும் 19 ஜி.பி.யைத் தமக்கென வைத்துக்கொண்டன. ஆக நான் விலை கொடுத்தது 64-க்கு. எனக்குக் குடியிருக்கக் கிடைத்தது 40. இதைக் கடையில் எவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மூன்றாம் ஆண்டில், மின்காந்தவியல் தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கையில், நண்பன் ஒருவன் பென்டிரைவில் 9 ஜி.பி. பாடப் படங்களைக் கொண்டுவந்தான். கருவி இடமில்லை என்றது. நள்ளிரவு, கண் எரிகிறது, எதையாவது அழித்தாக வேண்டும். எண்களை மட்டுமே பெயராகக் கொண்ட ஒலிப்பதிவுகள் சில இருந்தன. ஏதோ கருத்தரங்கப் பதிவுகள் என்று எண்ணி ஒரே வீச்சில் அழித்தேன். தேர்வு முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, அவற்றுள் ஒன்று பொங்கல் விடுமுறையில் என் அப்பத்தாவைப் பாடச் சொல்லிப் பதிந்த நடவுப் பாட்டு என்பது. 40 நிமிடப் பாட்டு. அது பிடித்திருந்த இடம் 38 எம்.பி.

9 ஜி.பி.க்கு இடம் தேடியவன் 38 எம்.பி.யை அழித்தால் என்ன கிடைக்கும்? ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு ஒரு பாடப் படத்தை அழித்துத்தான் இடம் செய்தேன். அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போய் அப்பத்தாவை மீண்டும் பாடச் சொன்னேன். பாதி பாடினாள். "மிச்சம் மறந்துபோச்சு ராசா" என்று வெற்றிலையை எடுத்து மடிக்கத் தொடங்கிவிட்டாள்.

"கிளவுடில் வைத்திருந்தால் போயிருக்குமா?" என்று கேட்பீர்கள். வைத்திருக்க வேண்டும் என்பதை நானும் ஒப்புகிறேன். ஆனால் அதை நம்பிச் சிறிய கருவியை வாங்கலாம் என்பதைத்தான் ஒப்பவில்லை. கூகுள் தரும் இலவச இடம் 15 ஜி.பி. ஒரு காலத்தில் புகைப்படங்களை அதில் கணக்கிடாமலே வைத்துக்கொண்டார்கள். 2021 ஜூன் 1 முதல் அவையும் கணக்கில் சேர்ந்துவிட்டன. பல்கலைக்கழகங்களுக்கு எல்லையற்ற இடம் என்றிருந்ததும் போயிற்று. 2022 ஜூலையிலிருந்து நிறுவனம் முழுமைக்கும் சேர்த்து 100 டி.பி. என்பதே அடிப்படை அளவு. 20,000 பேர் படிக்கும் பல்கலைக்கழகம் என்று வைத்துக்கொண்டு வகுத்துப் பாருங்கள்; தலைக்கு 5 ஜி.பி. அதுவும் பல்கலைக்கழக முகவரி உள்ளவரைதான். பட்டம் பெற்றுச் சென்ற அண்ணன் ஒருவர், முகவரி முடக்கப்பட்ட பின்னர் தம் ஆய்வேட்டின் வரைபடங்களுக்காகத் துறை அலுவலகத்துக்கும் கணினி மையத்துக்கும் நடந்த நடையை இவ்விதழ் படிப்பவருள் சிலரேனும் அறிவர்.

இன்னொன்று. ஊர் விட்டு வந்த நமக்கு வண்டிப் பயணம் என்று ஒன்று உண்டு. திருக்குறள் எக்ஸ்பிரசில் நிஜாமுதீனில் ஏறி மதுரையில் இறங்க ஏறத்தாழ இரண்டு நாள். இட்டார்சியைத் தாண்டிச் சாத்பூரா மலைக்காட்டுக்குள் வண்டி நுழைந்ததும் கிளவுடும் இல்லை, தூறலும் இல்லை. படிக்க வேண்டியது கைக்குள் இருந்தால்தான் படிப்பு. உள்ளூர் மாணவன் வீட்டு வைஃபையை நம்பிச் சொல்லும் அறிவுரை நமக்கு எப்படிப் பொருந்தும்?

சரி, அப்படியானால் பெரியதையே வாங்கிவிடலாமே! நானும் அவ்வாறே எண்ணினேன். சென்ற ஆண்டு பழைய கருவி ஓய்ந்துபோயிற்று. என் தந்தையார் சாத்தூரில் தையற்கடை வைத்திருப்பவர். அவரைத் தொலைபேசியில் அழைத்து, 256 ஜி.பி. வாங்க வேண்டும் என்றேன்.

"128-ன்னு ஒண்ணு இருக்குன்னியே, அது பத்தாதாய்யா?"

"இப்போதைக்குப் பத்தும்ப்பா. பின்னாடி பத்தாமப் போச்சுன்னா?"

"போச்சுன்னா பிரிச்சு விட முடியாதா?"

"முடியாதுப்பா. உள்ளேயே சேர்த்து ஒட்டினது."

"அப்போ அளவெடுத்துட்டுக் கூப்பிடு."

பேச்சு அவ்வளவுதான். எனக்குச் சிறிது கோபம்கூட வந்தது. ஆனால் அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது எங்கள் கடையில் தாய்மார்கள் கூட்டம் நிற்கும். "வளர்ற பையன், தாராளமா வச்சுத் தைங்க" என்பார்கள். அப்பா காற்சட்டையின் கால் விளிம்பில் இரண்டு அங்குலம் துணியை உள்ளே மடித்து விட்டுத் தைப்பார். பையன் வளர வளரப் பிரித்து விட்டுக்கொள்ளலாம். பிரித்து விட வழியில்லாத துணிக்கு என்ன செய்வது? இன்றைய அளவையும் எடுக்க வேண்டும். எத்தனை நாள் உடுத்தப் போகிறான், அதற்குள் எவ்வளவு வளர்வான் என்பதையும் கணக்கிட வேண்டும். டேப்லெட்டின் சேமிப்புச் சில்லு பலகையோடு பற்றவைக்கப்பட்டது. அது பிரித்து விட முடியாத துணி.

ஆகவே அளவெடுத்தேன். நண்பனிடம் இரவல் வாங்கிய கருவியில் நான்கு வாரம் என் வேலைகளைச் செய்து, சனிக்கிழமைதோறும் அமைப்புகளில் காட்டும் எண்ணைக் குறித்துவைத்தேன். வாரத்துக்கு ஒன்றரை ஜி.பி. ஏறியது. பயந்துவிடாதீர்கள். அதில் ஒரு ஜி.பி.க்கு மேல் பாடப் படங்கள். பார்த்து முடித்ததும் அழிக்கத் தக்கவை, வேண்டும்போது மீண்டும் இறக்கிக்கொள்ளத் தக்கவை. என்.பி.டி.இ.எல். பாடம் எங்கே ஓடிவிடப் போகிறது? என் கையெழுத்துக் குறிப்புகள், ஆய்வக அளவீடுகள், கரும்பலகைப் படங்கள், நான் பதிந்த ஒலிகள் என இவ்வுலகில் வேறெங்கும் கிடைக்காதவை வாரத்துக்கு 400 எம்.பி.க்குள் அடங்கின. ஆண்டுக்கு ஏறத்தாழ 20 ஜி.பி.; மூன்றாண்டுக்கு 60. இயங்குதளமும் செயலிகளும் 30 பிடிக்கும் என்று வைத்தாலும் 90. 128 என்று எழுதிய கருவி 1024 கணக்கில் 119. மிச்சம் 29.

அந்த மிச்சத்தை வீண் என்று எண்ணாதீர்கள். இயற்பியல் மாணவன் என்ற உரிமையில் ஒரு பத்தி எடுத்துக்கொள்கிறேன். 1984-இல் தொஷிபாவில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோக்கா உலகுக்கு அறிவித்த ஃபிளாஷ் நினைவகத்தின் வழிவந்ததுதான் நம் கருவிக்குள் இருப்பது. நுண்ணிய சிறைகளில் எலக்ட்ரான்களை அடைத்து வைக்கிறோம். சிறையிலுள்ள மின்சுமையின் அளவே எழுத்தாகிறது. இப்போது பரவலாக உள்ள முறையில் ஒரு சிறைக்கு மூன்று பிட்டுகள். அதாவது எட்டு நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். இதில் ஒரு வேடிக்கை: எழுதுவது சிறு சிறு பக்கங்களாக, அழிப்பதோ பல பக்கங்கள் அடங்கிய பெருந்தொகுதியாகத்தான் இயலும். ஆகவே கருவி உள்ளுக்குள் ஓயாமல் பண்டங்களை இடம் மாற்றி, தொகுதிகளைக் காலி செய்துகொண்டே இருக்கிறது. நிறைந்த வீட்டில் கட்டிலை நகர்த்துவது எப்படி? நிரம்பிய டேப்லெட் தேர்வு நேரத்தில் முக்கி முனகுவதற்கு இது ஒரு பெருங்காரணம். ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக விடுவது என் வழக்கம். மேலே மிச்சமான 29 அதற்குப் போதும்.

இனி விலை. ஒரே கருவியைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்லுகிறேன், எண்கள் தெளிவாக இருப்பதால். 2025 மார்ச்சில் வெளிவந்த ஐபேடின் அறிமுக விலை 128 ஜி.பி.க்கு ரூ.34,900, 256-க்கு ரூ.44,900. இடையே பத்தாயிரம். என் விடுதியில் மூன்று மாதச் சாப்பாட்டுக் கட்டணத்துக்கு அது சற்றேறக்குறைய ஈடாகும். அப்பா ஒரு சட்டைக்கு 300 ரூபாய் கூலி வாங்குகிறார். 33 சட்டை தைத்தாலும் நூறு ரூபாய் குறையும். இந்தப் பத்தாயிரம் சில்லின் விலையா? 2010-இல் முதல் ஐபேட் வந்தபோதே 16, 32, 64 என்று மூன்று படிகள். 499, 599, 699 டாலர். முதற்படி ஏற, கூடுதலாக 16 ஜி.பி.க்கு 100 டாலர். இரண்டாம் படியிலோ 32 ஜி.பி.க்கும் அதே 100 டாலர்தான்! பொருளின் விலையாக இருந்தால் இப்படி இருக்குமா? போதாமற் போய்விடுமோ என்ற நம் அச்சத்துக்கு வைத்த விலை அது என்பதே என் எண்ணம்.

மெமரி கார்டு போடும் துளையுள்ள கருவி கிடைத்தால் கணக்கு இன்னும் எளிது. அந்தப் பத்தாயிரத்தில் சிறு பங்குக்கே 128 ஜி.பி. கார்டு கிடைக்கும், பாடப் படங்களை அதில் தள்ளிவிடலாம். செயலிகள் பெரும்பாலும் அதில் குடியேறா, வேகமும் குறைவு, திடீரென்று செத்துப்போவதும் உண்டு. ஆகவே ஒரே பிரதியை அதில் வைக்காதீர்கள். ஐபேடில் துளை இல்லை; ஆனால் யு.எஸ்.பி.-சி வாய் உள்ளவை பென்டிரைவைப் படிக்கும். பெட்டியின் மேல் 8+128 என்று எழுதியிருந்தால், 8 என்பது வேலை நடக்கும்போது மட்டும் பயன்படும் நினைவகம்; இரண்டையும் கூட்டிச் சொல்லும் கடைக்காரரிடம் வாங்காமல் வந்துவிடுங்கள்.

256-ஏ வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. உயிரியல் துறைத் தோழி ஒருத்தி நுண்ணோக்கிப் படங்களை அடுக்கடுக்காக எடுக்கிறாள். ஒருநாள் வேலையே சில ஜி.பி. அவளுக்கு 256-உம் போதாது. தனி வன்தட்டு வைத்திருக்கிறாள். படம் வெட்டி ஒட்டும் கலைக்குழுத் தோழர்களுக்கும் அப்படியே. மற்ற நாம்? எழுத்து என்பது எவ்வளவு சிறிய இடத்தில் அடங்குகிறது என்று ஒருநாள் கணக்கிட்டுப் பார்த்தேன். யூனிகோடில் பரவலாக உள்ள முறைப்படி ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறிக்கு மூன்று பைட். நமக்கு மும்மடங்கு வரி! இருந்தும், 1,330 குறளும் கால் எம்.பி.யைத் தாண்டா. கரும்பலகையை நான் எடுத்த ஒரு புகைப்படம் 3 எம்.பி.; அதற்குள் திருக்குறளைப் பன்னிரண்டு முறை எழுதி வைக்கலாம்.

நான் வாங்கியது 128, கார்டுத் துளையுள்ளது. கணக்கைச் சொன்னபோது அப்பா, "அப்பத்தா பாட்டுக்கும் சேத்துத்தான் அளவெடுத்தியா?" என்று கேட்டுவிட்டு உடனே பணம் அனுப்பினார். அப்பத்தாவின் பாதிப் பாட்டு இப்போது மூன்று இடங்களில் இருக்கிறது: கருவியில் ஒன்று, கார்டில் ஒன்று, என் தங்கையின் கைப்பேசியில் ஒன்று. மறுபாதி, பக்கத்துத் தெருவில் அவளோடு நடவுக்குப் போன இன்னொரு பாட்டிக்கு நினைவிருக்கலாம் என்கிறார்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போகையில் பதிய வேண்டும், 20 எம்.பி. ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

வாங்கப் போகும் தம்பி தங்கையர் நான்கு சனிக்கிழமை அளவெடுத்த தாளோடு என்னைப் பார்க்கலாம். ஐந்தாம் சனிக்கிழமை சேர்ந்தே நேரு பிளேஸ் போவோம். ஞாயிறன்று போய்விடாதீர்கள், பல கடைகள் மூடியிருக்கும்.