மலிவு விலை இயர்போன் வாங்குவோர் கவனத்திற்கு

போன மாதம் என் பேத்தியுடன் நாகர்கோவிலுக்கு ரயிலில் போனேன். நெய்யாற்றின்கரை தாண்டுவதற்குள் அவள் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டாள். பாறசாலைக்கு அப்பால் வண்டி வேகமெடுத்தபோது, சக்கரச் சத்தத்தையும் மீறி அவள் கேட்ட பாட்டின் தாளம் எனக்கும் கேட்டது. இது சாதாரண விஷயமல்ல. ரயில்வேயில் என் காலத்தின் பெரும்பகுதி டீசல் இன்ஜின்களோடு கழிந்தது. 2600 குதிரைசக்தி இன்ஜினை முழு வேகத்தில் ஓட்டிச் சோதிக்கும்போது காதில் பஞ்சுகூட வைக்காமல் பக்கத்தில் நிற்பதைப் பெருமையாக நினைத்த முட்டாள்தனம் என்னுடையது. பலன், காது டாக்டர் எடுத்த ஆடியோகிராமில் 4000 ஹெர்ட்ஸ் அருகே கோடு பள்ளத்தில் விழுந்து கிடக்கிறது. அந்தக் காதுக்கே கேட்டதென்றால் குழந்தையின் செவிக்குள் என்ன நடந்திருக்கும்?

கேட்டதற்கு அவள் சொன்னாள்: "குறைச்சு வச்சா வண்டிச் சத்தம்தான் தாத்தா கேக்குது." அவள் சொன்னது நியாயம். குற்றம் அவளிடம் இல்லை, இயர்போனிடம் இருந்தது.

நாகர்கோவில் பாதையில் ரயில் ஓடத் தொடங்கியது 1979இல். அதே ஆண்டில்தான் சோனி நிறுவனம் வாக்மேனை விற்பனைக்கு விட்டது. முதல் வாக்மேனில் இருவர் சேர்ந்து கேட்க இரண்டு துளைகள் இருந்தன. பேச வேண்டுமானால் பாட்டைத் தணிக்க ஓர் ஆரஞ்சு நிறப் பொத்தானும் இருந்தது. ஒருவர் மட்டும் தனியே கேட்பது மரியாதையல்ல என்று சோனி தலைவர் அக்கியோ மொரீட்டா எண்ணினாராம். அந்த மரியாதையெல்லாம் எப்போதோ போய்விட்டது, காதாவது மிஞ்சட்டும்.

ஊர் திரும்பியதும் சாலைக் கடைத்தெருவுக்குப் போய் ஐந்நூறு ரூபாய்க்கு உட்பட்ட இயர்போன்கள் நாலைந்து எடுத்துப் பார்த்தேன். கடைப் பையன், "பேஸ் ஒன்று கேட்டு நோக்கூ சாரே" என்று உற்சாகமாக ஒன்றை நீட்டினான். மிருதங்கக் கச்சேரி ஒன்றை ஓடவிட்டேன். தொப்பி அடிக்கும்போதெல்லாம் பானைக்குள் உருட்டியது போல முழக்கம். தம்புராவைக் காணவே இல்லை. வலந்தலையின் நடுவில் இடும் கரணையால்தான் மிருதங்கத்தின் மேல்சுரங்கள் சுருதியோடு இசைகின்றன என்று சர் சி.வி. ராமன் 1920லேயே 'நேச்சர்' இதழில் எழுதினார். அந்த 'நம்' என்ற நாதம் தனியாகக் கேட்காத கருவி என்ன விலையானாலும் வேண்டாம். ஏனென்றால் முழக்கத்துக்குள் அமுங்கிய பாட்டைத் தேடித்தான் பிள்ளைகள் சத்தத்தை ஏற்றுகிறார்கள்.

பெட்டியில் '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்' என்று அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம். அந்த எல்லைக்குள் ஒலி எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று சொல்லாதவரை, திருவனந்தபுரத்திலிருந்து சென்னைக்கு வண்டி உண்டு என்று மட்டும் சொல்லி நேரத்தைச் சொல்லாத அட்டவணைதான் அது.

கட்டுமானம் பற்றிச் சொல்வதானால், இன்ஜினிலும் சரி, இயர்போனிலும் சரி, ஒயர் நடுவில் அறுவது அபூர்வம், முனையில்தான் அறும். பிளக்கிலிருந்து ஒயர் வெளிவரும் இடத்தில் ரப்பர் கழுத்து வளைந்து கொடுக்கிறதா என்று விரலால் மடக்கிப் பாருங்கள். மொட்டையாக முடிந்திருந்தால் ஆறு மாதம் தாங்குவது சந்தேகம். ஒயர் இல்லாத புளூடூத் வகையில் இந்தத் தொல்லை இல்லைதான். ஆனால் அதன் பாட்டரி செத்தால் மாற்ற வழியின்றி மொத்தத்தையும் எறிய வேண்டியிருக்கிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது நுனியில் மாட்டும் சிலிகான் குமிழ். பெட்டியில் பெரும்பாலும் மூன்று அளவு தருகிறார்கள். முதலில் மாட்டியிருப்பதையே எல்லோரும் போட்டுக்கொள்கிறார்கள். துளை சரியாக அடையாவிட்டால் வெளிச்சத்தம் உள்ளே வரும், தாழ்ந்த ஒலி வெளியே போய்விடும். பேத்தியின் பழைய இயர்போனிலேயே குமிழை மாற்றிப் போட்டு, மின்விசிறியை முழு வேகத்தில் விட்டுக் கேட்கச் சொன்னேன். செல்போனில் நாலு படி குறைத்துக்கொண்டாள். செலவு ஒன்றுமில்லை. (தெருவிலும் தண்டவாளம் கடக்கும்போதும் இரண்டையும் கழற்றிவிட வேண்டும். இது ரயில்காரன் வேண்டுகோள்.)

நாலு படி என்பது சிறிய விஷயமல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். பத்து டெசிபல் ஏறினால் நேரம் பத்தில் ஒன்றாகிவிடுகிறது.

சங்க அன்பர்கள் அறுந்த இயர்போனை எறிந்துவிட வேண்டாம். உள்ளே தலைமுடி போன்ற செப்புக் கம்பிகளின் மேல் வார்னிஷ் பூச்சு இருக்கும். அதைச் சுட்டுப் போக்கினால்தான் ஈயம் ஒட்டும். அது தெரியாமல்தான் வீட்டில் பற்றவைத்துப் பார்ப்பவர்கள் தோற்றுப்போகிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கொண்டுவாருங்கள். சால்டரிங் அயர்ன் என் பையில் இருக்கும்.