விடுவிப்பு என்னும் பெயரில் ஒரு வேலைநீக்கம்

அமெரிக்காவின் தேசிய கால்பந்து லீக்கைச் சேர்ந்த டென்வர் பிராங்கோஸ் அணி, தன் குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சனை ‘விடுவிக்கப் போவதாக’ 2024 மார்ச் 4 அன்று அறிவித்தது. அங்கே கால்பந்து என வழங்குவது நாம் அறிந்த கால்பந்து அன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி, உடலோடு உடல் மோதி, எதிரணியின் எல்லைக்குள் கொண்டு சேர்க்கும் ஆட்டம் அது. அதில் தாக்குதலை முன்னின்று நடத்துபவரே குவார்ட்டர்பேக். அவர் 2014இல் சியாட்டில் அணிக்குச் சூப்பர் பவுல் கோப்பையை வென்று தந்தவர், அப்போது வயது 35.

விடுவிப்பு என்பது தமிழில் இனிய சொல். சிறையிலிருந்தும் கடனிலிருந்தும் அடிமைத்தளையிலிருந்தும் மனிதர்கள் விடுவிக்கப்படுகிறார்கள். டென்வரில் விடுதலை பெற்றவர் வீரர் அல்லர். தான் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் எஞ்சிய ஆண்டுகளிலிருந்து முதலாளி பெற்ற விடுதலை அது. தொழிலாளர் மொழியில் இதற்கு வேலைநீக்கம் என்று பெயர்.

நடந்தது இதுதான். 2022 செப்டம்பரில் வில்சனுடன் அந்த அணி ஐந்தாண்டுகளுக்கு ஏறத்தாழ 24 கோடியே 26 லட்சம் டாலர் மதிப்பில் நீட்டிப்பு ஒப்பந்தம் செய்தது. அந்த நீட்டிப்புக்குரிய ஆண்டுகள் தொடங்கும் முன்னரே உறவு முறிந்துவிட்டது. முதல் பருவத்தில் அவர் ஆட்டம் சிறக்கவில்லை. அணி 17 ஆட்டங்களில் ஐந்தில் மட்டுமே வென்றது. இரண்டாம் பருவத்தில் அவர் மீண்டெழுந்தார். 15 ஆட்டங்களில் அவருடைய வீச்சுகளால் 26 டச்டவுன்கள் கிட்டின. எதிரணி பறித்துக்கொண்ட வீச்சுகள் எட்டு மட்டுமே. 2023 அக்டோபர் இறுதியில், தொடர்ந்து 16 முறை தங்களைத் தோற்கடித்திருந்த கன்சாஸ் சிட்டி அணியை டென்வர் வீழ்த்தியது.

அந்த வெற்றியின் சூடு தணியும் முன்னரே பேரம் தொடங்கியது. ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. மார்ச் மாதத்தில் குறிப்பிட்ட நாள் வரை அவர் அணியில் நீடித்தால், 2025ஆம் ஆண்டுக்குரிய 3 கோடியே 70 லட்சம் டாலர் ஊதியம் உறுதியாகிவிடும். அதற்கு முன்பே ஆடுகளத்தில் கடுங்காயம் அடைந்து உடல் தகுதியை இழந்தாலும் அத்தொகை அவருக்கு உண்டு. அந்தக் காயப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்காவிட்டால் பருவத்தின் எஞ்சிய காலம் முழுவதும் ஓரத்தில் உட்கார வேண்டியிருக்கும் எனத் தமக்குச் சொல்லப்பட்டதாக வில்சன் டிசம்பரில் வெளிப்படையாகக் கூறினார். ஒப்பந்தத்தை மாற்றுவது பற்றி அவருடைய முகவரிடம் பேசியதை அணியின் பொது மேலாளரும் ஒப்புக்கொண்டார். அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசி இரண்டு ஆட்டங்களில் அவர் களமிறக்கப்படவில்லை. இது அணிக்குப் புத்துயிர் ஊட்டும் ஆட்டமுறை முடிவு என்றார் பயிற்சியாளர் ஷான் பேட்டன்.

பயிற்சியாளரின் சொல்லை அப்படியே ஏற்றாலும் ஓர் உண்மை மறையாது. உறுதித்தொகை ஒரு வீரரின் காயத்தோடு கட்டப்பட்டிருக்கும்போது, அவர் நலமாக ஆடுவதே முதலாளிக்கு நிதி அபாயமாகிறது. இதற்கு முன்னுதாரணமும் உண்டு. 2022 டிசம்பரில் லாஸ் வேகாஸ் ரெய்டர்ஸ் அணி தன் குவார்ட்டர்பேக் டெரக் காரை இதேபோல் கடைசி இரு ஆட்டங்களுக்கு ஒதுக்கிவைத்து, உறுதித்தொகைக் கெடு வரும் முன் 2023 பிப்ரவரியில் ‘விடுவித்தது’. உழைப்புச் சக்தியை விலைக்கு வாங்குபவர், அந்தச் சக்தி குடியிருக்கும் உடலுக்கு மட்டும் பொறுப்பேற்க மறுக்கிறார்.

கோடிகளில் புரளும் ஒருவருக்காக உழைக்கும் மக்களின் ஏடு ஏன் பேச வேண்டும் என்று வாசகர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. வில்சன் ஏழை அல்லர். அவருக்கு நம் அனுதாபம் தேவையில்லை. இரண்டு பருவங்களில் அவர் பெறும் தொகை பன்னிரண்டு கோடி டாலரைத் தாண்டும். 2024இல் பிட்ஸ்பர்க் அணியில் அனுபவ வீரர்களுக்கான குறைந்தபட்ச ஊதியமாகிய 12 லட்சத்துப் பத்தாயிரம் டாலருக்கு அவர் சேர்ந்தார். உறுதி செய்யப்பட்ட எஞ்சிய தொகையை டென்வர் கொடுத்தாக வேண்டியிருந்தது.

அவர் இவ்வளவேனும் பெற்றது, உறுதி என்ற சொல் அவர் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்த அளவுக்கே. பெரும்பாலான சக வீரர்களுக்கு அந்தச் சொல் பெயரளவிலேயே உண்டு. அந்த லீக்கில் ஒப்பந்தத்தின் தலைப்பில் காணும் தொகை வேறு, உறுதியான தொகை வேறு. சக போட்டியாளரோடு ஒப்பிடுகையில் ஒரு வீரரின் திறன் போதாது என்று அணி நிர்வாகம் கருதினால், அதுவே ஒப்பந்தத்தை முறிக்கப் போதுமான காரணம் என்கிறது லீக்கின் பொது ஒப்பந்தப் படிவம். அக்கருத்து சரியா என்று முடிவு செய்வதும் அதே நிர்வாகமே. நிர்வாகம் போதாது என்று கருதி விலகிச்செல்லும் உரிமை வீரருக்கு இல்லை. ஆண்டுதோறும் ஆகஸ்டில் ஒவ்வோர் அணியும் 90 பேர் கொண்ட பட்டியலை 53 ஆகக் குறைக்கிறது. அணிகள் 32. ஏறத்தாழ 1,200 பேரின் பெயர்கள் அடிக்கப்படுகின்றன. பயிற்சிக் குழுக்களில் சிலர் மீண்டும் இடம்பெறுவர்; மற்றவர்கள் காயங்களோடு வீடு திரும்புவர். அவர்களைப் பற்றித் தலைப்புச் செய்திகள் வருவதில்லை.

அந்தக் காயங்கள் சாதாரணமானவை அல்ல. தலையில் திரும்பத் திரும்ப விழும் மோதல்களால் மூளை சிதைந்த முன்னாள் வீரர்கள் தொடுத்த வழக்கில், நூறு கோடி டாலர் அளவிலான இழப்பீட்டுத் திட்டத்துக்கு லீக் உடன்பட நேர்ந்தது. அத்திட்டத்திலும் ஓர் இழிவு ஒளிந்திருந்தது. கருப்பின வீரர்களின் அறிவாற்றல் தொடக்கத்திலேயே குறைவானது எனக் கொள்ளும் அளவுகோல் இழப்பீட்டை மதிப்பிடப் பயன்பட்டது. அதனால் பாதிப்பை மெய்ப்பிப்பது அவர்களுக்குக் கடினமாயிற்று. முன்னாள் வீரர்கள் இருவர் வழக்குத் தொடுத்த பின்னர், 2021இல்தான் இதைக் கைவிடுவதாக லீக் அறிவித்தது. வீரர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கருப்பினத்தவர். அணி உரிமையாளர்களோ ஏறக்குறைய அனைவரும் வெள்ளையர்.

டென்வர் அணியின் உரிமையாளர் யார்? 2022 ஆகஸ்டில் 465 கோடி டாலருக்கு அதை வாங்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ராப் வால்ட்டன். வால்மார்ட் நிறுவனரின் மூத்த மகன். ஈராக் மீதான போரை நடத்திய புஷ் அரசில் வெளியுறவுத்துறையை வகித்த காண்டலீசா ரைஸும் அக்குழுவில் ஒரு பங்குதாரர். வால்மார்ட்டின் தொழிலாளர் வரலாறு உலகறிந்தது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஷோன்கியேர் நகரக் கடைத் தொழிலாளர்கள் 2004இல் சங்கம் அமைத்தனர். அடுத்த ஆண்டே கடை மூடப்பட்டு சுமார் 190 பேர் வேலையிழந்தனர். அது சட்டத்தை மீறிய செயல் என்று கனடாவின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2014 வரை காத்திருக்க நேர்ந்தது. கடையில் கற்ற பாடத்தை மைதானத்தில் அக்குடும்பம் மறக்கவில்லை.

இவ்விடத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அதே நாட்டில் பேஸ்பால் வீரர்களின் ஒப்பந்தத் தொகை பொதுவாக முழு உறுதி கொண்டது. இதைவிட மோதலும் காயமும் மிகுந்த கால்பந்தில் ஏன் இல்லை? விடை இரு சங்கங்களின் போராட்ட வரலாற்றில் இருக்கிறது. 1987இல் கால்பந்து வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். உரிமையாளர்கள் ஒரு வாரம் மட்டும் ஆட்டங்களை ரத்து செய்துவிட்டு, கருங்காலி அணிகளைத் திரட்டிப் போட்டிகளை நடத்தினர், தொலைக்காட்சியும் ஒளிபரப்பியது. புகழ்பெற்ற வீரர்கள் பலர் மறியல் வரிசையைக் கடந்து உள்ளே சென்றனர். ஒரு மாதத்துக்குள் போராட்டம் உடைந்தது. பின்னர் நீதிமன்றப் போர் வழியாக 1993இல் அணி மாறும் உரிமை கிடைத்தது; அதற்கு விலையாக ஊதிய உச்சவரம்பு வந்தது. பேஸ்பால் வீரர்களோ அந்த உச்சவரம்பை எதிர்த்தே 1994-95இல் 232 நாட்கள் களம் இறங்காமல் நின்றனர். கோப்பைப் போட்டியே ரத்தாயிற்று, அவர்கள் கலையவில்லை. இன்றுவரை அங்கு உச்சவரம்பு இல்லை.

கால்பந்திலும் நட்சத்திர வீரர்கள் தமக்குரிய பேரத்தைத் தாமே பேசி முடித்துக்கொள்ள முடிகிறது. முழு உறுதியைத் தடுக்க உரிமையாளர்கள் கூட்டுச் சதி செய்வதாக வீரர்கள் சங்கம் 2022இல் முறையீடு செய்தது. அது ஒருபுறம் இருக்க, டென்வர் தரும் பாடம் தெளிவானது. தனிமனிதத் திறமை பெரிய ஊதியத்தைப் பெற்றுத் தரலாம். பணிப் பாதுகாப்பைப் பெற்றுத் தருவது ஒற்றுமை மட்டுமே.

இப்பாடம் நமக்குத் தொலைவானது அன்று. வால்மார்ட் 2018இல் ஃபிளிப்கார்ட்டின் பெரும்பங்கை 1,600 கோடி டாலருக்கு வாங்கி நம் நாட்டுச் சில்லறை வணிகத்தில் காலூன்றிவிட்டது. மோடி அரசு 2020இல் எதிர்க்கட்சிகள் இல்லாத அவையில் நிறைவேற்றிய தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு, அரசின் முன் அனுமதியின்றி ஆட்குறைப்பு செய்யக்கூடிய ஆலைகளின் வரம்பை 100 தொழிலாளர்களிலிருந்து 300 ஆக உயர்த்தியது. குறித்தகால வேலை முறைக்கும் சட்டத்தின் முத்திரை இட்டது. ‘நெகிழ்வுத்தன்மை’ என்று அதற்குப் பெயர் சூட்டினார்கள். டென்வரில் ‘விடுவிப்பு’, தில்லியில் ‘நெகிழ்வுத்தன்மை’. ஆலை வாயிலில் நிற்கும் தொழிலாளிக்கு இரண்டின் பொருளும் ஒன்றே.

வில்சனுக்கு வேறோர் அணி கிடைத்துவிட்டது. பெயர் அடிக்கப்பட்ட வீரனுக்கும், கெடு முடிந்த ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அப்படிக் கிடைப்பதில்லை. உழைப்பை வாங்குபவர் அந்த உழைப்பைத் தரும் உடலின் காயத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்னும் கோரிக்கை, விளையாட்டரங்கிலும் ஆலையிலும் ஒரே குரலில் ஒலிக்க வேண்டும். சட்டத்தொகுப்புகளை எதிர்த்து மத்தியத் தொழிற்சங்கங்கள் நடத்திவரும் போராட்டத்தின் உள்ளடக்கமும் இதுவே. அதனை வலுப்படுத்துவோம்.