வாங்கிய சித்தியும் வராத கணிதமும்

சென்ற வாரத்தில் ஓரிரவு, பத்து மணிக்கு மேல், எமது தொலைபேசி ஒலித்தது. அமெரிக்காவில் நியூ ஜேர்சி மாநிலத்திலே வாழும் ஒன்றுவிட்ட அண்ணரின் மகள் பேசினாள். நலம் விசாரித்து முடியுமுன்னரே, "சித்தப்பா, ஒருமுறை சித்தியடைந்த பாடத்தை மறுபடியும் படிப்பது வெட்கமா?" என்று கேட்டாள். பின்னர் குரலைத் தாழ்த்தி, "அப்பாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்றும் வேண்டிக்கொண்டாள்.

விஷயம் இதுதான். பல்கலைக்கழக முதலாண்டுப் பாடங்களுட் சிலவற்றைப் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடும் ஏற்பாடொன்று அந்நாட்டில் உண்டு. 'கொலிஜ் போர்ட்' என்னும் சபை 1956ஆம் ஆண்டு முதல் அதற்குரிய பரீட்சைகளை நடத்தி வருகின்றது. பெறுபேறு 1 முதல் 5 வரை. நுண்கணிதத்திற்கு 'ஏபி' என ஒன்றும் 'பிசி' என ஒன்றுமாக இரு பரீட்சைகள் உள. முன்னையது முதல் அரையாண்டுப் பாடத்துக்கு ஏறத்தாழ ஒப்பானது; பின்னையது அதற்கப்பாலும் செல்வது. எமது பெண் ஏபியில் 5 பெற்றாள். அவள் பொறியியல் படிக்கப்போகும் பல்கலைக்கழகமும், முதலாம் நுண்கணிதத்தை அவள் படித்து முடித்ததாகவே ஏற்று 'கிறெடிற்' கொடுத்துவிட்டது. (எம்மூரிலே கிறெடிற் என்றால் திறமைச் சித்தி. அங்கே அது கடந்து வந்த வழிக்குக் கொடுக்கும் சீட்டு.) இனி அவள் நேரே இரண்டாம் நுண்கணித வகுப்பிற்குப் போகலாம்.

அண்ணரின் அபிப்பிராயத்தில் இதில் யோசிக்க ஒன்றுமில்லை. "ஒருக்கால் கட்டின காசுக்கு இன்னொருக்கால் ஏன் கட்டவேணும்?" என்பது அவர் கட்சி. அவரைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை. இவ்வாறான சித்திகள் நாலைந்து சேர்ந்தால் படிப்பு ஓர் அரையாண்டு முன்னதாக முடியவுங் கூடும். அந்நாட்டில் ஓர் அரையாண்டுக் கட்டணம் என்பது சிறிய தொகையன்று. மேலும், அதே பாடத்தைத் திரும்ப எடுத்தால் பரீட்சைக்கு ஒன்று, வகுப்பிற்கு ஒன்று என இரு சித்திகளையுங் கணக்கிற் சேர்க்க அநேக பல்கலைக்கழகங்கள் இடங்கொடா. கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் இதனை வெளிப்படையாகவே அறிவித்திருக்கின்றது.

பெண்ணின் மனக்குறை வேறு. "விடை வருகுது சித்தப்பா, ஏன் வருகுதென்று தெரியேல்லை" என்றாள். இரண்டாம் வகுப்பில் இடறினாற் புள்ளி குறையும். புள்ளி குறைந்தாற் புலமைப்பரிசில் போய்விடும். அண்ணர் மிச்சம் பிடிக்க எண்ணும் பணத்தைப்போற் பன்மடங்கு அத்துடன் போகும்.

அவளுடைய அந்த வாக்கியம் எமக்குப் பழைய அவமானமொன்றை நினைவூட்டிற்று. உயர்தரத்தில் நல்ல பெறுபேற்றுடன் பல்கலைக்கழகம் புகுந்த நாம், முதற் சில வாரங்களில் நடந்த நுண்கணித விரிவுரைகளைத் தெரிந்த சங்கதியென்று தள்ளிவிட்டுத் தேநீர்க் கடையிற் பொழுது போக்கினோம். ஒருநாள் அகப்பட்டுக்கொண்டோம். எண்தொடரொன்று ஏறிக்கொண்டே போகின்றது. ஆயின் குறித்த ஓரெண்ணை மீறுவதில்லை. அங்ஙனமாயின் அது ஓர் எல்லையை அணுகும் என்று நிறுவுக என்றார் விரிவுரையாளர். நாம் கரும்பலகையில் ஒரு கோடு கீறி, புள்ளிகளை நெருக்கி நெருக்கி இட்டு, "பார்த்தாலே தெரிகின்றதே" என்றோம். "தெரிகிறது சரி, நிறுவலாமே" என்றார் அவர். வகுப்புச் சிரித்தது. எல்லை என்ற சொல்லை இரண்டு வருடமாகப் பயன்படுத்தியவர்கள் நாம்!

பிற்காலத்தில் ஒரு செய்தியை வாசித்தபோது அவ்வெட்கம் சிறிது தணிந்தது. டெடிக்கின்ட் என்னும் ஜெர்மானியக் கணிதர் 1858ஆம் ஆண்டு சூரிச் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் நுண்கணிதத்தின் ஆரம்பப் பாடத்தைக் கற்பிக்கலானார். அப்போது அவருக்கு வயது 27. எம்மை மடக்கிய அதே தேற்றத்தை மாணவர்க்கு நிறுவிக்காட்ட வந்தபோது, தாமும் படத்தையே காட்டவேண்டியிருப்பதை உணர்ந்து மனம் வருந்தினார். மெய்யெண் என்பது யாதென்பதே இன்னும் ஒழுங்காக வரையறுக்கப்படவில்லை என்பது அவருக்குப் புலப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 24ஆந் திகதி அதற்கு வழி கண்டார். ஆயினும் 1872 வரை அதனை நூலாக வெளியிடவில்லை. இத்தனைக்கும் அவர் கையிலிருந்தது முதல் வருடப் பாடந்தான்.

இக்கதையைச் சொன்னவுடன் பெண், "அப்படியானால் திரும்பப் படிக்கிறேன்" என்றாள். நாம் உடனே தடுத்தோம். கல்லூரியிலே உயர்தரத்தை இரண்டாந் தரம், மூன்றாந் தரம் எழுதும் பிள்ளைகளை ஆண்டுதோறும் காண்கின்றோம். அவர்களிற் பலருக்குப் பகையாவது பாடத்தின் கடினமன்று, அதன் பழக்கமே. முதல் இரண்டு மாதமும் 'இது தெரியும்' என்று தலையசைத்துக் கண்ணயர்வார்கள். தெரியாத பகுதி எப்போது வந்ததென்பதை அறியார்கள். பழைய பாடத்தைப் பழைய விதமாகவே கேட்பதாயின் அண்ணர் சொல்வதே சரி.

பெரிய இடங்களிலும் இதிலே ஒருமைப்பாடு இல்லை. மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகம் பிசியில் 5 எடுத்தவர்க்கு முதற் பாடத்தைத் தள்ளிக்கொடுக்கின்றது. ஏபிக்கு அச்சலுகை இல்லை. கலிபோர்னியாத் தொழில்நுட்ப நிறுவகமோ இப்பரீட்சை எதற்கும் சித்தி வழங்குவதில்லை. வந்தவர்களைப் பொதுவாக நிறுவல்களுடன் நுண்கணிதம் படிக்க வைக்கின்றது. அங்கு கற்பித்த அப்போஸ்தலின் நூல் 1961இல் வெளிவந்தது. அதனைப் புரட்டியவர்க்கு அது 'திரும்பப் படிப்பு' அன்றென்பது விளங்கும். அவர் வகையீட்டிற்கு முன்னரே தொகையீட்டைத் தொடங்கிவிடுகின்றார்!

ஆகையால் பெண்ணிடம் ஒரு காரியம் சொன்னோம். அவளது பல்கலைக்கழகத்து முதலாம் நுண்கணித இறுதிப் பரீட்சையின் பழைய தாளொன்றை எடுத்து, கதவைச் சாத்தி, புத்தகமின்றி, உரிய நேரத்துக்குள் எழுதும்படி கூறினோம். மறுநாள் விடைகளைப் படமெடுத்து அனுப்பினாள். வகையீடு முழுவதும் பிழையின்றிப் பாதி நேரத்தில் முடிந்திருந்தது. சுழற்சித் திண்மத்தின் கனவளவிற் சறுக்கியிருந்தாள். அது இரண்டு மாலைப்பொழுதிற் திருத்தக்கூடியது. ஆயின் ஒன்றின்கீழ் எக்சின் வகையீட்டை எல்லை வரைவிலக்கணத்திலிருந்து பெறுக என்ற கேள்வியின் கீழ் விடை மட்டும் ஒற்றை வரியாக நின்றது. மேலே நாலு வரி இடம் வெறுமையாக விட்டிருந்தாள்.

அந்த வெறும் நாலு வரியைப் பார்த்தபின், சாதாரண முதல் வகுப்பும் வேண்டாம், இரண்டாம் வகுப்பிற்கு ஓடவும் வேண்டாம், அங்கே நிறுவல்களுடன் நடத்தும் சிறப்பு வகுப்பு இருந்தால் அதிற் சேர் என்றோம். இருக்கின்றதாம். பாடங்களைச் சேர்க்கவும் விடவும் தொடக்கத்தில் இரண்டு வாரத் தவணையும் உண்டாம். அதுவரை சிறப்பு வகுப்பிலும் இரண்டாம் நுண்கணிதத்திலும் மாறிமாறி இருந்து பார்ப்பதென்று முடிவு செய்திருக்கின்றாள்.

அப்பாவிடம் யார் சொல்வதென்று கேட்டோம். அவர் ஞாயிறுதோறும் இப்பத்தியைத் தவறாமல் வாசிப்பவர். "நீங்களே எழுதிவிடுங்கோ சித்தப்பா" என்றாள். எழுதிவிட்டோம், அண்ணர்.